துப்பாக்கியை விட்டுவிட்டுத் தோட்டாவைப் பிடித்த கதை

அண்ணன் மகன் ஒருத்தன் மதுரையில் ஒரு கிளப்பில் குறிசுடப் பழகுகிறான். மூன்று வருஷம் ஏர் ரைபிள், இப்போது .22 ரைபிளுக்கு மாறுகிறான். போன மாதம் போனில் கேட்டான்: "சித்தப்பா, அமெரிக்காக்காரன் கூடு ஒரு கம்பெனி, கேப்பு ஒரு கம்பெனி, மருந்து ஒரு கம்பெனி, குண்டு ஒரு கம்பெனின்னு தனித்தனியா வாங்கி, வீட்டு மேஜையில வச்சு அவன் ரைபிளுக்குத் தகுந்த மாதிரி தோட்டா கோத்துக்கிறான். நம்ம ஊர்ல ஏன் யாரும் அப்படிச் செய்யறதில்ல?"

சட்டம் விடாது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆனால் சட்டம் ஏன் துப்பாக்கியோடு நிற்காமல் தோட்டாவின் உறுப்புகள் வரைக்கும் இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. வேலை முடிந்த ராத்திரிகளில் பழைய சட்டங்களையும் விதிகளையும் புரட்டினதில் தெரிந்தது இதுதான்: வெளிநாட்டுக்காரன் துப்பாக்கியை வாங்கிவிட்டு அதற்கேற்ற தோட்டாவைத் தேடுகிறான். நம்ம நாட்டில் தோட்டா கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கி வாங்க முடியும். இந்தத் தலைகீழ் ஏற்பாடு தானாக வந்ததல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டத்தட்ட 100 வருஷத்தில், யோசித்துச் செய்யப்பட்டது.

நான் பொட்டிபுரத்துக்காரன். அந்தப் பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் "நியூட்ரினோவா?" என்பார்கள். அம்பரப்பர் மலையைக் குடைய வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எடுக்கப் போவதில்லை. இது அதே மலையடிவாரத்தின் இன்னொரு வெடிமருந்துக் கதை.

முதலில் உறுப்புகள். இன்றைய தோட்டாவில் நாலு சாமான். பித்தளைக் கூடு. அதன் அடியில், தட்டினால் பொறி தருகிற கேப்பு. உள்ளே மருந்து. வாயில் குண்டு. பழைய துப்பாக்கியில் கூடு கிடையாது, குழல்தான் கூடு. மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, "மருந்து கெட்டிப்பது" என்பார்கள்.

இந்த "மருந்து" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். உயிரை எடுக்கிற பொடிக்கு ஏன் மருந்து என்று பேர்? சீனத்தில் இதற்குப் பேர் "தீ மருந்து". அங்கே ரசவாதிகள் சாகாவரம் தருகிற மருந்து தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. பாரசீகத்தில் "தாரு" என்றால் மருந்து, வெடிமருந்துக்கும் அதே சொல். நாமும் வெடிமருந்து என்கிறோம். பொருளோடு சேர்ந்து இந்த நினைப்பும் கைமாறி வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்தது என்று அகராதி சொல்கிறது. ஆக, கருவியின் பேர் வெளியிலிருந்து வந்தது; அதற்குள் போடுகிற சாமானுக்கு மட்டும் நம்ம சொல்.

கரிமருந்துக்கு மூணு சரக்கு வேண்டும்: வெடியுப்பு, கந்தகம், கரி. இதில் கரி நம்ம கைச்சரக்கு. இங்கிலாந்தில் அலரி வகை மரக்கரியைத் தேடி அலைந்தார்கள். இந்தியாவில் எருக்கங்கரியும் துவரைமார்க் கரியும் அதே வேலையைச் செய்தன. கம்பம் பள்ளத்தாக்கில் எருக்குக்கும் துவரைமாருக்கும் பஞ்சமா? வெடியுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். பழைய மாட்டுத் தொழுவம், இடிந்த மண்சுவர், ஊர்ப் புறம்போக்குக் குப்பைமேடு, இங்கெல்லாம் கோடையில் வெள்ளையாகப் பூக்கிற உப்பு அது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுப்பதைக் குலத்தொழிலாகச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் உப்பிலியர்கள். வடக்கே பீகாரில் நூனியாக்கள். பீகார் வெடியுப்பு எவ்வளவு உசத்தி என்றால், பிளாசிக்கு அடுத்த வருஷமே, 1758இல், கம்பெனி அந்த வியாபாரத்தின் ஏகபோகத்தை மீர் ஜாஃபரிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவின் பீரங்கிகள் பாட்னா உப்பில் சுட்டன. கம்பெனிக் கப்பல்களின் அடித்தட்டில் பாரத்துக்குப் போட்டதும் அதே உப்பு மூட்டைதான்.

கந்தகம்தான் சிக்கல். நம்ம மண்ணில் தோண்டி எடுக்கிற அளவுக்குக் கிடையாது. கப்பலில்தான் வர வேண்டும். ஈயமும் பெரும்பாலும் அப்படியே. கடற்கரை யார் கையிலோ, கடைசியில் அவர் கையில்தான் உள்நாட்டுத் துப்பாக்கியின் உயிர் இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும்.

ஆனால் கம்பெனிக்கு இது உடனே உறைக்கவில்லை. முதலில் துப்பாக்கிகளைத்தான் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு கையிலிருந்து திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போனது. போடிநாயக்கனூர் பாளையமும் அதோடு சேர்த்தி. தெற்கே 1799இல் பாஞ்சாலங்குறிச்சி, 1801இல் மறுபடியும் பாஞ்சாலங்குறிச்சி, பிறகு சிவகங்கைக் காடு. நம்ம பக்கத்திலேயே விருப்பாச்சி கோபால நாயக்கர். அந்தச் சண்டைகளில் பாளையக்காரர் ஆட்கள் கையில் இருந்தது வேல், வளரி, அப்புறம் திரி வைத்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ், பிற்காலத்தில் எழுதின நினைவுக் குறிப்புகளில், வளரி எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்ததே மருது சகோதரர்களில் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. போடியும் ஜமீன் ஆனது.

இந்தப் பிரகடனத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிகிற ஓட்டை இது: திரித்துப்பாக்கி என்பது ஒரு கொல்லர் பட்டறையில் செய்துவிடக்கூடிய சாமான். ஒரு குழல், ஒரு மரக்கட்டை, ஒரு திரி. ஒன்றைப் பிடுங்கினால் ஆறு மாதத்தில் இன்னொன்று. துப்பாக்கியை ஒழிப்பது, வயலில் கோரையைக் கையால் பிடுங்குவது மாதிரி. கிழங்கு உள்ளேயே இருக்கும்.

கிழங்கைத் தொட்டது ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவருக்கு அந்த எண்ணமே கிடையாது, பாவம். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று பேர், பறவை சுடுவதில் பைத்தியம். அந்தக் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறி பறக்கும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்தப் பொறியைப் பார்த்துப் பறவை பறந்துவிடும். தட்டினால் சட்டென்று வெடிக்கிற ஒரு ரசாயனத்தை வைத்து அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து, 1807இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த இருபது வருஷத்துக்குள் அது சின்னச் செம்புக் குல்லாவாக, நம்ம ஆட்கள் சொல்கிற "கேப்பு" ஆக மாறிவிட்டது. மழையிலும் வெடிக்கும், காற்றிலும் வெடிக்கும். எல்லாரும் அதற்கு மாறினார்கள். மாறின அன்றைக்கே உள்ளூர்த் துப்பாக்கியின் சுதந்திரம் போய்விட்டது. கேப்பை உள்ளூர்க் கொல்லரால் செய்ய முடியாது. உப்பிலியராலும் முடியாது. அது ஃபாக்டரிச் சரக்கு. அதுவரைக்கும் நாலு உறுப்பில் இரண்டையாவது ஊரிலேயே திரட்ட முடிந்தது. இப்போது ஒரு பட்டாணி அளவுச் செம்பு இல்லாவிட்டால் மொத்தத் துப்பாக்கியும் வெறும் கம்பி.

அடுத்தது 1857. அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம்: பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அது ஒரு உறுப்புச் சண்டை. 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மரை உண்டு. குண்டு இறுக்கமாக இறங்க வேண்டும், அதனால் தோட்டாக் காகிதத்துக்கு மசகு தேவை. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது டிரில். என்ன மசகு என்று சிப்பாய்களிடம் கேட்பார் இல்லை. கலகம் வெடிப்பதற்கு முன்பே, 1857 ஜனவரியிலேயே, "மசகை நீங்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம்" என்று உத்தரவு போட்டுவிட்டார்கள் என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கடிக்காமல் கையால் கிழிக்கும்படி டிரில்லையும் பிறகு மாற்றினார்கள். தோட்டாவின் ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இந்தியனுக்கு கம்பெனி கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மாற்றிக்கொள் என்று சொன்னதையே, அப்போ முன்னாடி இருந்தது அசுத்தம்தான் என்பதற்கு ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் இந்தக் கதையின் நடுமுடிச்சு: 1878 ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன். அதே வருஷம்தான் தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தையும் அவர் கொண்டுவந்தார். வாய்க்கு ஒரு பூட்டு, கைக்கு ஒரு பூட்டு.

இந்தச் சட்டத்தை எல்லாரும் "இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டும்" என்று சுருக்கிவிடுகிறார்கள். சரிதான். ஆனால் நாலாம் பிரிவின் வரையறைகளைப் பாருங்கள். ஆயுதம், தோட்டா என்று சொல்லி முடித்ததும் "ராணுவச் சரக்கு" என்று மூன்றாவதாக ஒரு இனம் வருகிறது. கவர்னர் ஜெனரல் அறிவிப்புச் செய்தால் எந்தப் பகுதியிலும் ஈயம், கந்தகம், வெடியுப்பு, இன்னும் வேறு பொருள்கள் இதில் சேரும் என்கிறது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போய், அடியில் கிடக்கிற சரக்கு வரைக்கும் எழுதியிருக்கிறார். 1801 பிரகடனத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எங்கள் தொழிலில் சொன்னால், முன்னாடி செயலியைத் தடுத்தார்கள், இப்போது அது நம்பி இருக்கிற லைப்ரரிகளையே தடுத்துவிட்டார்கள். பட்டியலில் கரி இல்லை என்பதையும் கவனித்தேன். அதை எப்படித் தடுப்பது? எல்லார் அடுப்பிலும் இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. ஐரோப்பியர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று வைத்தார்கள். முதல் உலகப்போர் முடிந்த பிறகுதான் விதிகளிலிருந்து அந்த நிறபேதம் போனது. குடகு மக்களுக்கு ஒரு தனி விலக்கு. அது இன்றைக்கும் தொடர்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்து 1887 டிசம்பரில் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் பேச்சு நடந்தது. பிபின் சந்திர பால் அங்கே எழுந்து இந்தச் சட்டம் வேண்டாம் என்று பேசினார். ஆயிரம் விளக்கில் ஒரு தோட்டத்தில் போட்ட பந்தலில்.

சட்டம் செல்லுபடியானது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்தான். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். தேயிலைக்காரர்களும் ஏலக்காரர்களும் 1880களிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. ஒரு துப்பாக்கியையோ தோட்டாப் பெட்டியையோ இந்த வழியில் கொண்டுபோனால், வழியில் ஒரு அரசாங்கமே மாறிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கிழக்குக் கடற்கரையில், புதுச்சேரியில். பிரெஞ்சு மண். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். குறிபார்த்துச் சுட அவருக்குப் பயிற்சி கொடுத்தது புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர். அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள்: கூடு, கேப்பு, மருந்து, குண்டு, நாலும் ஒன்றாகச் சேர்ந்த, ஃபாக்டரியில் அடைத்த சின்னத் தோட்டா. அதை எந்தக் கொல்லரும் செய்ய முடியாது. வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. இதையெல்லாம் பார்த்த அரசாங்கம் தோட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நடுவில் மருந்தே மாறிவிட்டது. 1889இல் ஏபெல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட் செய்தார்கள். பொடி இல்லை, கயிறு கயிறாக இருக்கும். பேரே அதனால்தான். புகை மிகக் குறைவு, வேகம் ரொம்ப அதிகம். த்ரீ நாட் த்ரீ தோட்டாவிலும் பிறகு அதைத்தான் அடைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த கார்டைட்டை இங்கேயே செய்வதற்கு நீலகிரியில், குன்னூர் பக்கத்தில் அருவங்காட்டில், 1903 - 04இல் ஒரு ஃபாக்டரி வைத்தார்கள். காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம். ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். எருக்கங்கரிக்கும் தொழுவத்து உப்புக்கும் இனிமேல் ஒரு வேலையும் இல்லை. வெடிமருந்து என்பது அமிலமும் பஞ்சும் கிளிசரினும் சேர்ந்த பெரிய ரசாயன வேலை ஆகிவிட்டது. குடிசைத் தொழில் ஒரே தலைமுறையில் முடிந்தது.

கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் குழலுக்குள் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்துக் குளிரில் சரியாகச் சுட்ட துப்பாக்கி, சித்திரை மாதத்து மதுரையில் குண்டைத் தாறுமாறாக அனுப்பும். சில சமயம் காலிக் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அதனால் லண்டன் கம்பெனிகள் இந்தியாவுக்கென்று மருந்தைக் கொஞ்சம் குறைத்துத் தனித் தோட்டா அடைத்து விற்றன. எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். நம்ம வெயிலுக்காக ஒரு உறுப்பின் அளவை மாற்றியிருக்கிறார்கள், இல்லீங்களா? குண்டிலும் ஒரு இந்தியப் பேர் உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியது இல்லை. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் 1890களின் கடைசியில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி, த்ரீ நாட் த்ரீ குண்டின் முனையில் உறை இல்லாமல் ஈயம் தெரியும்படி விட்டார். உடம்பில் பட்டால் பூ மாதிரி விரியும். 1899இல் ஹேக் நகரத்தில் நாடுகள் கூடி, போரில் அந்த வகைக் குண்டு வேண்டாம் என்று அறிவித்தன. விரியும் குண்டுக்கு உலகம் முழுக்க இன்றைக்கும் டம்டம் என்றுதான் பேர்.

சரி, 1907 வாக்கில் நடந்த வேடிக்கைக்கு வருகிறேன். வடமேற்கு எல்லையில் ராணுவத்திடமிருந்து திருடுபோன மார்ட்டினி ஹென்றி, த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகள் நிறைய சுற்றின. துப்பாக்கியைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் போடுகிற தோட்டா கடையில் கிடைக்காமல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். .450, .303 காலிபர் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் தனியார் கைக்குப் போகக் கூடாது என்று தடை வந்தது. அப்போது யானை வேட்டைக்காரர்களின் பெரிய துப்பாக்கி முக்கால்வாசி .450தான். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியச் சந்தை போனால் பாதி வியாபாரம் போன மாதிரி. என்ன செய்தார்கள்? .465 வந்தது, .470 வந்தது, .475 வந்தது. தடைசெய்த எண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி ஒவ்வொன்றும். இதில் .470 உலகப் புகழ் பெற்று, ஆப்பிரிக்காவில் இன்னும் ஓடுகிறது. அது பிறந்ததற்குக் காரணம் இந்திய அரசாங்கத்தின் ஒரு சுற்றறிக்கை! மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். எண்ணை வைத்து வேலி போட்டால், அடுத்த எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

ஆனால் ஏழைப்பட்ட காலிபர்களில் அந்த வேலி நின்றது. .303க்குப் பதிலாகத் தனியாருக்கு வந்தது .315. இந்தத் தோட்டா உண்மையில் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர், ஆஸ்திரிய ஹங்கேரி ராணுவத்துக்காக 1890 வாக்கில் செய்தது. ராணுவத் தோட்டா இதில் நுழையாது, இதன் தோட்டா ராணுவத் துப்பாக்கியில் நுழையாது. அதுதான் தகுதி. இங்கிலாந்துக் கம்பெனிகள் இதற்குத் துப்பாக்கி செய்து இந்தியாவுக்கு அனுப்பின. விடுதலைக்குப் பிறகு வங்காளத்து ஈஷாப்பூர் ஃபாக்டரி அதே .315இல் துப்பாக்கி செய்து விற்றது. ஆஸ்திரிய ஹங்கேரி என்ற தேசமே 1918இல் காணாமல் போய்விட்டது. அதன் தோட்டா இந்திய ஜமீன்தாருக்கும் பேங்க் காவலாளிக்கும் காலிபர் ஆகி நிலைத்துவிட்டது.

தடைப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் சங்கடம் உண்டு. சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்டு எழுதின கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி .405 வின்செஸ்டர். அமெரிக்கச் சரக்கு. அந்தத் தோட்டாவைச் செய்வதையே கம்பெனி பிற்பாடு நிறுத்திவிட்டது. துப்பாக்கி நூறு வருஷம் உழைக்கும். தோட்டா போன வருஷத்துக் கப்பலில் வந்தால்தான் உண்டு. அரசாங்கம் எந்தத் தடையும் போடாமலே அது செத்துவிடும்.

1947இல் கொடி மாறியது. எனக்கு உறுத்துகிற விஷயம் இங்கேதான். லிட்டனின் சட்டத்தைத் திட்டித் தீர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்து, 1959இல் புதுச் சட்டம் எழுதினார்கள். நிறபேதம் இல்லை, விண்ணப்பிக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு, அதெல்லாம் நல்லது. ஆனால் தோட்டாவின் வரையறையைப் பாருங்கள்: தோட்டாவின் பாகங்கள், அதைச் செய்கிற எந்திரம், அரசு அறிவிக்கிற மூலப்பொருள்கள் என்று 1878இல் போட்ட அதே பின்னோக்கிய சங்கிலி. "தடைசெய்யப்பட்ட போர்" என்ற பேரில் காலிபர் வேலியும் அப்படியே வந்தது. த்ரீ நாட் த்ரீ தனியாருக்கு இன்றைக்கும் கிடையாது. நாட்டில் இவ்வளவு வன்முறை இருக்கும்போது கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் எல்லைப் புறத்துப் பதானுக்குப் பயந்து போட்ட ஒரு எண், ஏன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாமல் நம்ம ஜாதகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கோடில் "இதைத் தொடாதே, எதற்கென்று தெரியவில்லை" என்று ஒரு வரி இருக்குமே, அந்த மாதிரி.

நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். .22 ரைபிள், படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு. சுட்டு முடித்ததும் குறி எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்னால் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஐந்து வாங்கினால் ஐந்து. ஒன்று புல்லில் தொலைந்தால் மொத்த வரிசையும் முட்டி போட்டுத் தேடும். அப்போது கடுப்பாக இருந்தது. அந்தச் சின்னப் பித்தளைக்குப் பின்னால் 1878 நிற்கிறது என்று இப்போது தெரிகிறது.

குறிசுடும் விளையாட்டுக்காரர்களுக்கு .22 ஒரு விதத்தில் நல்ல தேர்வு. இந்தத் தோட்டாவில் கேப்பு தனியாகக் கிடையாது. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே அந்த ரசாயனத்தைத் தடவியிருப்பார்கள். ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும், கூடு அத்தோடு காலி. மறுபடி அடைக்கவே முடியாது. அதனால் அமெரிக்காக்காரனும் இங்கே நம்மைப் போலத்தான், பெட்டியில் வருகிறதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் தேர்வு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பேர், ஒரே விலை. பெட்டியின் மேல் இருக்கிற லாட் எண் மட்டும் வேறு. குழலை இடுக்கியில் பூட்டி, 50 மீட்டரில் ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தால், ஒன்றில் பத்தும் ஒரே ஓட்டையில் விழும், இன்னொன்றில் சிதறும். 50 மீட்டர் ரைபிள் குறிப்பலகையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டே 5.6 மில்லிமீட்டர். சிதற இடமில்லை. குண்டின் வேகமும் பெட்டியில் போட்டிருக்கும். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும்படி அடைக்கப்படுகின்றன. அந்த வேகத்தைத் தாண்டிப் போய், வழியில் திரும்ப அதற்குள் இறங்குகிற குண்டு ஆட்டம் காணும். பர்மிங்ஹாமிலும் ஜெர்மனியிலும் அந்தக் கம்பெனிகளின் சோதனைக் கூடங்களுக்கு ரைபிளைத் தூக்கிக்கொண்டு போய், நாள் முழுக்கச் சுட்டு, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள் சர்வதேச வீரர்கள். நம்ம ஆள் இறக்குமதி அனுமதி, ஒதுக்கீடு, கிளப்புக்கு வந்து சேர்ந்த லாட் என்று இருப்பதற்குள் சுட வேண்டும்.

இந்தியாவுக்குத் துப்பாக்கி சுடுதலில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம், 2008இல் அபினவ் பிந்த்ரா வாங்கியது, ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பேர் வாங்கியதும் ஏர் ரைபிளில்தான். மருந்து இல்லை, கேப்பு இல்லை, கூடு இல்லை. காற்றும் 4.5 மில்லிமீட்டர் ஈயச் சில்லும் மட்டும். நாலு உறுப்பில் மூன்றை எடுத்துவிட்டால் சட்டத்தின் பிடியும் அந்த அளவுக்குத் தளர்கிறது. திறமை இருக்கிற பிள்ளைகள் இங்கே ஏன் அந்தப் பக்கமே போய்க் குவிகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

நாலு உறுப்பையும் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கிற ஆள் யாருமே மிச்சம் இல்லையா என்று தேடினால், ஒருத்தர் இருக்கிறார். பணக்கார ஷூட்டர் இல்லை. எங்கள் மலைச்சரிவில் ஏலத்துக்கும் காப்பிக்கும் நடுவில் குடிசை போட்டிருக்கிற, பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வைத்திருக்கிற விவசாயி. கையில் ஒற்றைக்குழல், வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. சின்ன வயசில் தேனி பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர் தோளில் பார்த்த அதே ரகம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். கேப்பும் மருந்தும் லைசென்ஸைக் காட்டித்தான் வாங்க வேண்டும், அதில் அவருக்கும் தப்பில்லை. ஆனால் குழலுக்குள் எது எவ்வளவு போக வேண்டும் என்பதை எந்த ஃபாக்டரியும் அவருக்கு முடிவு செய்து அடைத்து அனுப்புவதில்லை.

குரங்கணி மேலே அப்படி ஒருத்தரிடம் கேட்டேன், பன்றிக்கு என்னண்ணே போடுவீங்க என்று. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு சுடுவது அவ்வளவு லேசு இல்லை, அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "மருந்து போடுவேன், தேங்கா நாரத் தக்கையா வச்சு இடிப்பேன். ஈயம் போட மாட்டேன் தம்பி. சத்தத்துக்குத்தான பன்னி ஓடுது."